செல்லத்துக்கு மல்லிகை

ஆனி 9, வெள்ளி
விடியலிலிருந்து சாரல். மூன்றாம் நாள். ஆண் குழந்தை. என் மனைவி செல்லத்துக்கு இன்னும் பால் இல்லை. அவளுக்குப் பெற்ற தாய் இல்லாததால் பேறுகாலமும் இங்கேயே; பேச்சும் இங்கேயே கேட்க வேண்டியிருக்கிறது.

அம்மா: "இம்புட்டு உடம்ப வச்சுக்கிட்டு ஒரு சொட்டுக்கு வழியில்லையே ஆத்தா!"

செ. சிரித்தாள். சிரித்திருக்க வேண்டாம்.

மருத்துவச்சி காமாட்சி: "கனத்த உடம்புக்காரிக்கு ரெண்டு நா பிந்தித்தேன் வரும். விடாம பிள்ளையப் போடு. மடியில வேணாம், கொடத்த இடுக்குற மாதிரி கக்கத்துல இடுக்கிக்க."

நம்பவில்லை நான். பி.ஏ. படித்தவன்.

ஆனி 10, சனி
பிள்ளைக்கு வாய் பிடிபடவில்லை. வழுக்குகிறது, அழுகிறது, தூங்கிவிடுகிறது. செ. தோள் வலிக்க இடுக்கிக்கொண்டே இருந்தாள்.

கரியில் ஓடும் பஸ்ஸில் போடிக்குப் போனேன். பால் டின் 1, சீசா 1, ரப்பர் காம்பு 2. யுத்த காலத்தில் கிடைத்ததே பெரிது.

திரும்பி வந்து சொன்னேன்: "எல்லாம் கொழுப்பு. இதில் பால் எங்கே இருக்கும்?"

சொன்னதால் எழுதி வைக்கிறேன்.

ஆனி 11, ஞாயிறு
சீசாவில் மூன்று முறை குடித்தான். வீடு அமைதி. எனக்குப் பெருமை.

அம்மா காமாட்சியிடம்: "படிச்சவுக வாங்கிட்டு வந்தாக!"

காமாட்சி சீசாவைப் பார்த்தாள். "இதுல சும்மா ஒழுகும் தம்பி. ருசி கண்டுட்டா அங்கன பாடுபட்டு உறிஞ்சாது."

ஆனி 12, திங்கள்
காலையில் செ.யின் ரவிக்கை நனைந்திருந்தது. பால். காமாட்சி சொன்னபடியே, பிந்தி.

பிள்ளையைப் போட்டால் முகத்தைத் திருப்பி வீறிடுகிறான். சீசாவைக் கண்டால் அடங்குகிறான்.

ஆனி 14, புதன்
பால் கட்டி, செ.க்குக் காய்ச்சல். சாரல் நிற்கவில்லை.

"இன்னும் ரெண்டு நா பாப்பமே, தாயி," காமாட்சி.

"வேணாம் அத்தே. கொழுப்புல பால் எங்க இருக்கும்னு அவுகளே கேட்டாக."

கதவுக்கு இந்தப் பக்கம் நான். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். செருப்பைத் தேடினேன்.

ஆனி 15, வியாழன்
அம்மா: "மல்லியப்பூ வாங்கியாப்பா. மாருல வச்சுக் கட்டுனா பால் வத்திரும்."

கடைத்தெரு. நான்கு முழம். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவளுக்கென்று நான் பூ வாங்குவது இதுவே முதல் தடவை.

பூக்காரி வாழை இலையில் மடித்துக்கொண்டே: "வீட்டுல அவுகளுக்கா?"

"ஆமாம்."

"குடுத்து வச்ச மகராசி."