மூலை சேரவில்லை

மார்ச் 3
இன்றும் படச்சட்டத்தின் மூலை சேரவில்லை. நாற்பத்தைந்து டிகிரிக்குப் போட்ட கோட்டில் பிழையில்லை. ரம்பம்தான் விலகி ஓடுகிறது. இரண்டு துண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் உள்பக்கம் ஒளி கசிகிறது. இழைப்புளியால் ஒரு சீவு சீவினேன். வெளிப்பக்கம் திறந்துகொண்டது.

மார்ச் 5
ரம்பத்துக்கு அரம் போட்டாயிற்று. இனி அதன்மேல் பழி போட வழியில்லை.

மார்ச் 19
டாக்டர் சொன்னார்: "கை நடுக்கம் போகாதும்மா. மாத்திரை கொஞ்சம் தள்ளிப்போடும்." எதைத் தள்ளிப்போடும்? சீட்டை மடித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 20
எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 2
டீச்சரம்மாவின் இறந்துபோன மகள் படத்துக்கான சட்டம். நேற்று கண்றாவியாக வெட்டி ஒட்டிவிட்டுப் போனேன். இன்று வந்து பார்த்தால் நான்கு மூலையும் கச்சிதம்! ஒரு நொடி எப்படிச் சந்தோஷப்பட்டேன். நகத்தால் கீறினேன். மெழுகில் குழைத்த மரத்தூள் உதிர்ந்தது.

என் வீட்டுக்காரர் படக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.
"எத்தனை நாளாங்க இது?"
"விடும்மா."
"எத்தனை நாளா?"
"மழைக்காலத்துலேர்ந்து."

அப்போ என்னைப் பாராட்டினவங்கல்லாம் இவரோட மெழுகைத்தான் பாராட்டினாங்களா? நான் என்ன, கடையில வெச்ச பொம்மையா? சொல்லித் தொலைச்சிருக்கலாமே!
"சொன்னா நீ ரம்பத்தையே தொட மாட்டேன்னு பயந்தேன்" என்றார்.

ஏப்ரல் 3
தொடவில்லை.

ஏப்ரல் 9
"டீச்சரம்மா மறுபடி வந்துட்டுப் போனாங்க. புதுசா நான் வெட்டட்டுமா?"
"உங்களுக்கு நேரா நடக்கவே வராது" என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 12
இவர் வெட்டினார். முதல் மூலையில் விரலே நுழையும்.
"கோட்டுக்கு வெளிய வெட்டுங்க. மிச்சத்தை இழைச்சுக்கலாம். அழுத்தாதீங்க."
மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். என் கையோடு கட்டையும் ஆடியது.
"நீ விடும்மா, பட்டறைக் கவ்வியில வெச்சு முடுக்கிக்கிறேன்." மெதுவாகத்தான் சொன்னார். விட்டுவிட்டேன்.
மாலையில் ஒரு மூலை சேர்ந்தது. ஒளி கசியவில்லை. "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அழுதேன்.

ஏப்ரல் 20
டீச்சரம்மா சட்டத்தை வாங்கிப்போனார். மூலையைத் தடவி, "உங்க கையே கை" என்றார்.
"இவரு கைங்க" என்றேன்.
கடை பூட்டும்போதுதான் பார்த்தேன், ரம்பம் பழைய இடத்தில் இல்லை. இவர் தன் உயரத்துக்குப் புதிதாக ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். எனக்கு எட்டாது. ஸ்டூல் போட்டால் எட்டும்.
போடவில்லை.