கீரை வைக்காத நாள்

சஹானா தாத்தாவுக்கு அனந்தவல்லி நமஸ்காரம். பேத்தியோட சோதனை பலிச்ச அன்னிக்கு இந்த பெங்களூர் ஆராய்ச்சி ரூமுல இருந்தது நம்ம சஹானா, கூடப் படிக்கிற திண்டிவனம் தேவநாதன், சோத்துத் தூக்கோட நான், மூணே பேரு. உங்க முட்டிவலி எப்படி இருக்கு? நான் சுகம். ஒரு சின்ன சேதிதான், பயந்துடாதீங்க.

ஆறு மாசமா சூளையில வச்சு பேத்தி ஒரு இரும்புக் கலவைச் சில்லு செஞ்சா. ஐஸைவிட இருநூறு டிகிரிக்கு மேல குளிர வச்சா அதுல கரண்ட் துளி வீணாகாம ஓடணுமாம். இரும்பு காந்தத்தோட ஆளாச்சே, அது சேர்ந்தா காரியம் கெட்டுடும்னு முந்தி படிச்சவங்களே நெனச்சாங்களாம். பொழுது சாயறதுக்குள்ள அவ சாப்பிடணும்னு அஞ்சரைக்குப் போனேன். கம்ப்யூட்டர்ல கோடு சடார்னு அடிக்கு விழுந்துது, கரண்ட் தடையில்லாம ஓடுதுன்னு அர்த்தமாம். ரெண்டும் குதிச்சுதுங்க. அப்புறம் அவன் தூக்கைத் திறந்து, "இன்னா ஆயா, கீரை இல்லியா?"ன்னான். "நாங்க ஜைனருங்கடா, சதுர்த்தசியில கீரை ஏது?"ன்னேன்.

இப்ப அதைப் பத்தி தேவநாதன் பேர்ல கட்டுரை வந்திருக்கு, சஹானா பேரே இல்லாம. "அன்னிக்கு அவ ஊருக்குப் போயிருந்தா, நான் தனியாத்தான் பண்ணேன்"னு பெரிய வாத்தியார்கிட்ட சொல்லிட்டான். இவ "விடு ஆயா"ன்னு அழுவுறா.

தினக்காலண்டர்ல கிழிச்ச மாசி சதுர்த்தசித் தாளு இருந்தா அனுப்புங்க, சோதனை நடந்த தேதியும் நான் கீரை வைக்காத நாளும் ஒண்ணுதான்னு வாத்தியார்கிட்ட காட்டணும். அது சாட்சி ஆவாதுன்றா சஹானா. எனக்கு ஆவும். கேப்பை மாவும் கொஞ்சம் அனுப்புங்க. ரெண்டு வருஷமா மூணு பேருக்குப் பொங்கின கை, இன்னும் ஒரு பங்கு மிஞ்சுது.

குக்கர் கூப்பிடுது. எல்லா ஜீவனையும் மன்னிச்சேன்னு தினம் விடியல்ல சொல்றேன். ஒரு பேரை மட்டும் தாண்டிப் போறேன்: திண்டிவனம் தேவநாதன்.