நீக்கிய பின்னும் நின்ற ஒலி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று வழக்கம்போல எழுதக் கை வரவில்லை. ஃபோனில் பேசினால், ஸ்பீக்கரில் போடு என்று அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

உன் குரல் கரகரவென்று கேட்கிறது என்றதற்கு, லைன் சரியில்லை என்றாய். அம்மா அதை நம்பிப் புது ஃபோன் வாங்கி அனுப்பச் சொன்னாள். அதிலும் அதே கரகரப்பு. புது ஃபோனுக்கும் சளி பிடித்துவிட்டது அக்கா என்றாய். சிரித்தோம்.

சென்ற வாரம் எங்கள் ஒலிக்கூடத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் நடத்தும் வேலை என் தலையில் விழுந்தது. கரகரப்பு என்ற சொல் எங்கிருந்து வந்தது மேடம் என்று ஒரு பெண் கேட்டாள். வேர் தேடி அலைய வேண்டாம், சலசல, கடகட போலக் காதில் விழுந்ததையே நாக்கு திருப்பிச் சொன்னதுதான் என்றேன். முதலில் தொண்டைக்குச் சொல்லியிருப்பார்கள், ரேடியோவும் ஸ்பீக்கரும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும் என்று என் ஊகத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

லைன் கோளாறுக்கு உதாரணமாக, நீ ஃபோனில் அனுப்பிய குரல் பதிவு ஒன்றையே போட்டேன். நீ பேசாமல் நிறுத்திய இடத்தில் ஒரு துண்டை எடுத்து, இதுதான் இரைச்சல் என்று கணினிக்குக் காட்டினேன். அது அதே இரைச்சலைப் பதிவு முழுக்கத் தேடி நீக்கிவிடும். நீக்கியது. உன் மரப்பட்டறை ரம்பத்தின் சத்தம் போயிற்று. மின்விசிறி போயிற்று. கரகரப்பு மட்டும் போகவில்லை. மற்றதெல்லாம் விலகியதும் இன்னும் துல்லியமாகக் கேட்டது. உங்க மிஷினுக்குத்தான் காது கேட்கல போல என்றாள் அந்தப் பெண். எல்லோரும் சிரித்தார்கள். லைனில் இருந்த கரகரப்பு என்றால் நீ பேசாத இடத்திலும் இருந்திருக்கும், அதுவும் நீங்கியிருக்கும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து உன் பழைய பதிவுகளைக் கேட்டேன். மழைக்காலத்தில் அனுப்பியதில் அது இல்லை. பிறகு வந்த ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடியிருக்கிறது. முன்பு மூச்சுவிடாமல் பேசுவாய். இப்போது, சரிக்கா வைக்கிறேன் என்று முடித்துவிடுகிறாய். உனக்கும் தெரிந்துதான் இருக்கிறது, இல்லையா?

அம்மாவிடம் சொல்லவில்லை. கூரியர்காரன் ஃபோனைக் கீழே போட்டிருப்பான் என்று அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டட்டும்.

தொண்டை டாக்டரிடம் போடா. பட்டறையில் லீவு தரமாட்டார்கள் என்று மட்டும் சொல்லாதே. அவர் சொன்னதை உன் வாயாலேயே சொல்லி எனக்கு அனுப்பு. எவ்வளவு கரகரத்தாலும் சரி, எதையும் நீக்காமல் கேட்கிறேன்.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அக்கா