கான் வாயில் மஞ்சள்

செப்டம்பர் 12, வெள்ளி

கோடைக்குப் பிறகு முதல் மழை. சிசிலியின் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் மழைத் தண்ணீர் கடலில் விழும் பெரிய கானின் வாய் விடியவே வாந்தி எடுத்தது. கறுப்புத் தண்ணீர், சிகரெட் கட்டை, செத்த எலி, கொழுப்புக் கட்டி. மழைக்கு முதலும் அது வடிந்துகொண்டுதான் இருந்தது. என் பேத்தி கேசிகா போன கிழமை அதற்குப் பக்கத்தில்தான் குளித்தாள். காலில் சிப்பி கிழித்த சின்னக் காயம். இன்று முழங்கால் வரை வீக்கம். ஆஸ்பத்திரியில் கீறிச் சீழ் எடுத்தார்கள். நான்தான் அமத்திப் பிடித்தேன். பிள்ளை என் கையைக் கடித்தது. கடிக்கட்டும் என்று விட்டேன்.

இதைச் செய்தவனின் கழுத்தை முறிக்க வேண்டும்.

எனக்கு எழுத்து வராது. கேசிகா காட்டித் தந்தபடி போனுக்குச் சொல்கிறேன், அது எழுதுகிறது. பிழையாக எழுதினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஜோக்கிம் மன்னார்ப் பெடியன், இங்கே ஒரு சிசிலிக்காரனின் படகில் வேலை. தெருவில் இரும்பு மூடி போட்ட கான் எல்லாம் நேரே கடலுக்குத்தான் போகிறது என்றான். நான் நம்பவில்லை. முல்லைத்தீவில் குழாயும் இல்லை, கானும் இல்லை. இந்த நாட்டில் நிலத்துக்குக் கீழே போகிற தண்ணீர் எல்லாம் கக்கூசுக் குழாயோடு சேர்ந்து எங்கோ சுத்தமாகிறது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். மருமகள் நிசாந்தி வீடு கழுவிய பிளீச் தண்ணீரைத் தினமும் வாசல் கானில்தான் ஊற்றுகிறாள். எங்கள் பெண்கள் எல்லாரும் அப்படித்தான்.

அப்போ இவ்வளவு காலமும் கடலுக்குள்ளையோ ஊத்தினம் என்று கேட்டேன்.

"ஓம் அண்ணை. அதுதான் மீனெல்லாம் வெள்ளைக்காரர் மாதிரி வெளுத்து வலையிலை ஏறுது" என்று சிரித்தான்.

சிரிப்பு வரவில்லை. கொழுப்பு வருவதென்றால் சாப்பாட்டுக் கடையிலிருந்துதான். நிசாந்தியின் மஞ்சள் தூளை வாளித் தண்ணீரில் கரைத்து, சாப்பாட்டுக் கடைகளுக்குப் பின்சந்தில் உள்ள கானில் ஊற்றினேன். மழைத் தண்ணீர் இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. ஜோக்கிம் கடற்கரையில் நின்றான். கொஞ்ச நேரத்தில் அவனுடைய விசில் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கான் வாயில் மஞ்சள். மஞ்சளோடு வெள்ளைக் கொழுப்பு.

செப்டம்பர் 15, திங்கள்

கடலுக்குக் கறுப்பு வந்த நாள் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. நினைவு என்னை விடாது. அந்த நாளெல்லாம் என் மகன் சாந்தரூபன் வேலையால் பிந்தி வந்தான். அந்தப் பின்சந்துக் கடையின் குசினியில்தான் அவனுக்கு வேலை.

வேண்டாம். வேறு யாராவதாக இருக்கட்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மத்தியானச் சாப்பாடு முடிந்து கடை சாத்துகிற நேரம். சந்து முனையில் நின்றேன். பின்கதவு திறந்தது. கையில் இரண்டு வாளி. குசினிக் கழிவுத் தொட்டியில் அள்ளிய கொழுப்பு. கொழுவியால் கான் மூடியைத் தூக்கி ஒரு வாளியைக் கவிழ்த்தான். ரூபன்.

என் பொல்லால் முதுகில் அடித்தேன். பொல்லு முறிந்தது. முறிந்த துண்டால் அடித்தேன். கொழுப்பில் வழுக்கி விழுந்தான். எழும்பி, என் சேட்டுக் கொலரைப் பிடித்துச் சுவரோடு மோதினான். தலை கிண் என்றது.

"அடிச்சுக் கொல்லு அப்பா. தொட்டி அள்ளுற லொறியை முதலாளி நிப்பாட்டிப் போட்டான். நான் ஊத்தாட்டில் வேலைக் கொன்ட்ராத்து இல்லை. அது இல்லாட்டில் இந்த நாட்டிலை இருக்கிற பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கேலாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நான் எங்கை போக?"

"அந்தப் பிள்ளையின்ரை காலைத்தானடா நீ…"

இது கடலுக்குப் போகிறது என்று அவனுக்கும் தெரியாது. அவன் முகத்தில் கண்டேன். என் சேட்டில் இருந்த கை தளர்ந்தது. பிறகு மற்ற வாளியைத் தூக்கினான். என் கண்ணுக்கு முன்னால் ஊற்றினான். ஊற்றும்போது அழுதான்.

செப்டம்பர் 17, புதன்

நிசாந்தி சோற்றை வைத்துவிட்டுப் போகிறாள். ரூபனை அடித்ததிலிருந்து என்னோடு கதை இல்லை.

செப்டம்பர் 20, சனி

ரூபனை மீன்பிடிக்காரர் மூன்று பேர் துடுப்பால் அடித்துப் போட்டார்கள். தாடை உடைந்தது, பல்லும் போனது. படகுக்காரருக்குப் பின்சந்தைச் சொன்னவன் ஜோக்கிம். அவர்கள் ஒளித்திருந்து பார்த்துப் பிடித்திருக்கிறார்கள்.

மீன் வெட்டும் கத்தியோடு ஜோக்கிமிடம் போனேன். கழுத்தில் வைத்தேன். அவன் அசையவில்லை.

"நான் கடையைத்தான் சொன்னனான். உங்கடை மகன் எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், சந்திலை அவனை அடிச்சனீங்களாம். நீங்கள் ஏன் வாய் திறக்கேல்லை, அண்ணை?"

கத்தியைப் போட்டுவிட்டு வந்தேன்.

முதலாளி ஆள் அனுப்பியிருந்தான். சுகமானதும் வரட்டுமாம். அதுவரை வேறொருவன் ஊற்றுவானாம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கடைக்கு வெளியே வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள், நிறையச் சனம். நான் கான் வாயில் ஒரு வாளி அள்ளிக்கொண்டு போய், சிப்பியும் பாஸ்தாவும் இருந்த நடு மேசையில் கவிழ்த்தேன். ஒரு சீமாட்டி அந்த இடத்திலேயே சத்தி எடுத்தாள். முதலாளி என் வாயில் குத்தினான். விழுந்தேன். விலாவில் உதைத்தான். உதைத்த காலைப் பிடித்துக் கடித்தேன். விடவில்லை. நாய் மாதிரித்தான். இருக்கட்டும்.

நகரப் பொலிஸ் வந்தது. யார் ஊற்றுகிறார்கள் என்று கேட்டார்கள். முதலாளி எனக்கு விசர், பைத்தியம் என்றான். பெயர் என் நாக்கில் இருந்தது. சொன்னால் மகனின் வாழ்வு போச்சு. சொல்லாவிட்டால் கடல் போச்சு. இரத்தத்தோடு சேர்த்து விழுங்கினேன்.

அப்போது யாரோ சொல்லி வீட்டிலிருந்து ரூபன் வந்தான். தாடைக்குக் கட்டு, வாய் திறக்க ஏலாது. ஒருவரையும் பார்க்காமல் பின்சந்துக்கு நடந்தான். பொலிஸ் பின்னால் போனது. கொழுவியால் மூடியைத் தூக்கினான். உள்ளே காட்டினான். தன் நெஞ்சைக் காட்டினான். பிறகு முதலாளியைக் காட்டினான்.

அக்டோபர் 3, வெள்ளி

கடைக்குச் சீல் வைத்தாயிற்று. ரூபனுக்கு வேலை இல்லை. நிசாந்தி இன்றுதான் வாய் திறந்தாள். "திருப்தியோ, மாமா?"

நவம்பர் 9, ஞாயிறு

ரூபன் லிபெர்த்தாத் தெருவில் படுக்கையாய்க் கிடக்கிற ஒரு கிழவரைப் பராமரிக்கிற வேலை பார்க்கிறான். என்னை விடக் குழப்படியாம், கரண்டியால் அடிப்பாராம். பெர்மெஸ்ஸோவுக்கு குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் இன்னும் பதில் சொல்லவில்லை. நேற்று மழை. கான் வாயில் செம்மண் தண்ணீர் வந்தது. கொழுப்பு இல்லை. கால் ஆறிய கேசிகா கடலில் இறங்கப் போறன் என்றாள். நான் விடவில்லை.

காலையில் நிசாந்தி வீடு கழுவினாள். நான் வாசலில் கதிரையில் இருந்தேன், விலா இன்னும் நோகிறது. வாளியைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போலக் கானடிக்கு வந்தாள். இரும்பு மூடியைப் பார்த்தபடி நின்றாள். திரும்பினாள். தளும்பத் தளும்ப வீடு முழுக்க நடந்து, கக்கூசுக்குள் ஊற்றுகிற சத்தம் கேட்டது.

துடைக்கிற துணியோடு வந்து என் காலடியில் குந்தினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"காலைத் தூக்குங்கோ மாமா. நிலம் ஈரம்."