நல்ல அழுகல்

என் குட்டி மூக்குக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

போன் இருக்கும்போது இவள் ஏன் கூரியர் கடைக்கு அலைகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டுப் போனைப் பற்றி உனக்குத் தெரியாததா. உன் குரல் கேட்டால் அப்பா பாய்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "என்னவாம், என்னவாம்" என்று என் முழங்கையை இடிப்பார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசக்கூடிய விஷயமில்லை இது. சமையலறை மேடையில் நின்றபடியே எழுதுகிறேன். கேட்டால் பெரியம்மாவுக்கு என்று சொல்லிவிடுவேன். அவளுக்கு நான் எழுதுவதெல்லாம் வம்பு என்று அவருக்குத் தெரியும், எட்டிப் பார்க்கமாட்டார். சாப்பிடும்போது எப்படியும் நானே சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கை.

முக்கியமானதை முதலில் சொல்கிறேன். உன் பீப்பாய் ஒயினை முதலாளியம்மாவின் பெரிய தொட்டியில் கலக்க விடாதே. மற்றதைப் படிக்க நேரமில்லை என்றால் இந்த வரியோடு எழுந்து ஓடு.

இனி காரணம். உங்கள் தோட்டத்து அறுவடையைப் பற்றிப் போன வருஷம் நீ எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். பிரெஞ்சு இனிப்பு வெள்ளை ஒயின் என்றால் தங்கக் கலரில் சும்மா வந்துவிடுவதில்லை, பழத்தின் மேல் பூஞ்சணம் பிடிக்க வேண்டும், அது நீரையெல்லாம் உறிஞ்சிப் பழம் கிழவி மாதிரிச் சுருங்கிய பிறகுதான் பறிப்போம் என்று எழுதியிருந்தாய். "அழுகல்ல நல்ல அழுகல், கெட்ட அழுகல்னு ரெண்டு இருக்கும்மா. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். மோந்து பார்த்தாத்தான் தெரியும்" என்றாய். நான்கூட, கல்யாணத்துக்கு முன் உன் அப்பா வீட்டு மனுஷர்களைப் பார்த்தபோது இந்தப் பாடம் எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று பதில் எழுதினேன். அவர் படித்துவிட்டு ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. நிம்மதியான நாள்.

அந்த ஒயினைத்தான் நீ அனுப்பினாய். உன் பொறுப்பில் விட்ட முதல் பீப்பாய். முதலாளியம்மா "காரமா இருக்கு, எனக்குச் சரியாப் படல" என்கிறாள், நீ "அது காரமில்ல, உயிர்" என்கிறாய், நிலவறையிலேயே கிடந்து உன் மூக்கு மரத்துப்போய்விட்டது, அதனால் அப்பா சொல்லட்டும் என்று எழுதியிருந்தாய். அந்தம்மாளுக்கும் அப்பாவைத் தெரியும். அப்பா ஹோட்டலுக்கு ஒயின் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் உங்கள் தோட்டத்துச் சரக்கையே முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பிய மனுஷர். "அவர் மூக்கு சரின்னா எனக்கும் சரி" என்று அவள் ஒப்புக்கொண்டாள். உங்கள் சண்டைக்கு நம் வீட்டு மூக்கு தீர்ப்பு.

கண்ணே, அந்த மூக்கு இப்போது இல்லை.

அதாவது முகத்தில் இருக்கிறது. முன்பைவிடக் கம்பீரமாகவே இருக்கிறது. வேலைதான் செய்யவில்லை.

மழைக்காலத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது என்று சொன்னேன் அல்லவா. காய்ச்சல் போய் இரண்டு வாரம் இருக்கும். நான் கடைக்குப் போயிருந்தேன், அவர் அடுப்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து மாடிப்படி ஏறும்போதே தீய்ந்த நெடி. உள்ளே பால் பொங்கி, வழிந்து, வற்றி, பாத்திரம் கரியாகிப் புகைந்துகொண்டிருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் உன் அப்பா, உலகச் செய்தியில் மூழ்கி. அடுத்த தெருவில் யாராவது ஆரஞ்சு உரித்தால் "சமையலுக்குப் போட்ட தோல், தின்ன உரிச்சது இல்ல" என்று சொல்கிற ஆள். நான் பாத்திரத்தைக் காட்டினேன். பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சளி" என்றார்.

சளி இல்லை. டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "நரம்பு விஷயம், வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்றார். அதைச் சொல்ல அத்தனை படிப்பு. வீட்டுக்கு வரும் வழியில் அப்பா ஒரே ஒரு வார்த்தை கேட்டார், "பொண்ணுக்கு மட்டும் தெரிய வேணாம்." நானும் சரி என்றேன். சின்ன வயதில் உன் கண்ணைக் கட்டி, பென்சில் சீவியதையும் ஈரத் துண்டையும் மோந்து சொல்லச் சொல்லி விளையாடினாரே, அந்த விளையாட்டில்தானே நீ இந்தத் தொழிலுக்குப் போனாய். அதை எடுத்துவிட்டால் உனக்கு முன்னால் தன்னிடம் என்ன மிச்சம் என்று நினைத்தாரோ என்னவோ.

சனிக்கிழமை நடத்தும் ஒயின் ருசி வகுப்பை விடவும் அவருக்கு மனசில்லை. கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கும் அதே அறை, அதே நீள மேஜை, ருசி பார்த்துத் துப்ப அதே வாளி. ஆனால் போனில் அவர் பேச்சிலேயே கவனித்திருப்பாய், கொஞ்ச நாளாக அங்கே இனிப்பு ஒயின் மட்டும்தான். "மத்த ஒயின் எல்லாம் எவனும் புரிஞ்சுக்குவான், இனிப்பு ஒயினுக்குத்தான் ஞானம் வேணும்" என்று ஆட்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். விஷயம் என்னவென்றால் நாக்குக்கு இனிப்பும் புளிப்பும் கசப்பும் தெரியும், மற்றதெல்லாம் மூக்கின் கைங்கரியம். இனிப்பு ஒயினில்தான் அவருக்கு இன்னும் ஏதோ கொஞ்சம் கிடைக்கிறது. வேறெதைக் குடித்தாலும் புளித்த தண்ணீர் என்கிறார்.

மற்றதற்கு நான் இருக்கிறேன். சிரிக்காதே. இந்த வீட்டில் மூக்கு என்றால் அவருடையது, என்னுடையது கண்ணாடி மாட்டுகிற ஆணி என்றுதான் இத்தனை வருஷம் பேச்சு. இப்போது அந்த ஆணியில்தான் குடும்ப கௌரவம் தொங்குகிறது. தட்டில் கிளாஸ்களை எடுத்துக்கொண்டு வரும்போதே முகர்ந்துவிடுவேன். பிறகு அவருக்கு ஜாடை: நான் தோட்டைத் தொட்டால் ஆப்ரிகாட் பழ வாசனை. கொண்டையைத் தொட்டால் தேன். முந்தானையால் விரலைத் துடைத்தால் ஆரஞ்சுத் தோல். இருமினால் கெட்டுப்போனது, தூக்கிக் கொட்டு. ஒருநாள் எனக்கு நிஜமாகவே தொண்டை கமறி இருமிவிட்டேன். அருமையான ஒயின். அப்பா கிளாஸைக் கீழே வைத்து, "ஈரமான அட்டைப்பெட்டி நாத்தம் வருது பாருங்க" என்றார். வகுப்புக்கு வரும் நம் பல் டாக்டர் கண்ணை மூடி, "ஆமா சார், அட்டைப்பெட்டி, கூடவே கொஞ்சம் பழைய செருப்பு" என்றார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு, செருப்பே தனக்கு முதலில் வந்தது என்றார். அவ்வளவு நல்ல ஒயினையும் வாளியில் கொட்டினோம். வீட்டுக்கு வந்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

போன சனிக்கிழமை உன் பாட்டில்.

அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். பாட்டிலை யார் கையிலும் கொடுக்கவில்லை, அவரே குளிர வைத்து, அவரே திறந்து, அவரே ஊற்றினார். "எம் பொண்ணு செஞ்சது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஏஜெண்டிடம் இரண்டு தடவை. நான் என் கிளாஸை எடுத்து முகர்ந்தேன். முகர்ந்ததும் நான் செய்த முதல் காரியம், ஏஜெண்டு மனைவியின் விரல்களைப் பார்த்தது. நகச்சாயம் போட்டிருக்கிறாளா, இங்கேயே உட்கார்ந்து அதை அழிக்கிறாளா என்று. இல்லை. நெயில் பாலிஷ் ரிமூவர் நெடி கிளாஸுக்குள்ளிருந்துதான் வந்தது. அதற்குப் பின்னால் காடி, வினிகர் மாதிரி.

கெட்ட அழுகல் கலந்துவிட்டது, கண்ணே. உன் முதலாளியம்மா சொன்னதுதான் சரி. நீ உயிர் என்றது காரமேதான். அவளை உனக்குப் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது, ஆனால் அவள் மூக்கு சரி.

நான் இருமினேன். அப்பா திரும்பவில்லை. மறுபடி இருமினேன். மற்ற சனிக்கிழமைகளில் கிளாஸை உயர்த்தும்போதே ஓரக்கண்ணால் என்னைத் தேடுகிற மனுஷர், அன்றைக்கு எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். மகளுடைய ஒயினுக்குப் பெண்டாட்டியின் ஜாடை எதற்கு என்று இருந்திருக்கும். நான் நாய் மாதிரி இருமுகிறேன், பல் டாக்டர் தண்ணீர் கொண்டு வந்து கொடுக்கிறார், அப்பா மற்றவர்களைப் பார்த்து, "சந்தோஷத்துல இவளுக்குத் தொண்டை அடைக்குது" என்கிறார்.

பிறகு பேச ஆரம்பித்தார். தேன் என்றார், காய்ந்த ஆப்ரிகாட் என்றார், ஆரஞ்சுத் தோல், குங்குமப்பூ, முடிவில் அந்தக் கூர்மையைப் பாருங்கள், இனிப்பைச் சாய விடாமல் முதுகெலும்பு மாதிரித் தாங்குகிறது என்றார். அவர் நாக்குக்குக் கிடைத்தது அந்தக் கூர்மை ஒன்றுதான். கெட்டுப்போனதன் கூர்மை. அதைத்தான் மிக உருகிப் பாராட்டினார். மற்றதெல்லாம் அவர் எப்போதோ குடித்த ஒயின்கள். அவ்வளவு அழகாக அவர் பேசி நான் கேட்டதில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். யாருமே வாளிப் பக்கம் போகவில்லை, மரியாதைக்காக விழுங்கினார்கள்.

கிளாஸ் கழுவும் இடத்துக்குப் பல் டாக்டர் பின்னாலேயே வந்தார். "அக்கா, ஒரு சின்ன சந்தேகம். இதுல ஏதோ மருந்து நெடி மாதிரி..." என்று இழுத்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். "இல்ல, நான் பொழுதன்னைக்கும் கிளினிக்ல கிடக்கிறவன், எம் மூக்கு அப்படி. சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கையில் ஈரக் கிளாஸோடு நின்றேன்.

அங்கிருந்தே அப்பா உனக்குப் போன் போட்டார். நீ அழுதது எல்லோருக்கும் கேட்டது. கடைசியில் போனை என் கையில் திணித்தார்கள், "நல்லா இருக்குடி" என்றேன். அத்தனை பேர் நடுவில் வேறென்ன சொல்வேன். அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தையை நம்பித்தான் நீ தொட்டியில் கலக்கச் சம்மதம் வாங்கியிருக்கிறாய் என்று நேற்று அவர் பெருமையாகச் சொன்னார். அந்த வருஷத்துச் சரக்கு முழுக்கக் கெட்டு, உன்னையும் வெளியே அனுப்பி, எந்தத் தோட்டமும் உன்னைச் சேர்க்காமல் போவதைவிட, என் வாக்கை நான் உடைப்பது மேல்.

நீ கோபப்படுவாய். அவர் மேல் கோபப்படாதே. பாட்டிலில் மீதி இருந்ததை அவர்தான் தினம் ஒரு வாய் குடித்தார், இனிப்பே கூடாது என்று டாக்டர் சொல்லியும். நேற்று காலிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் கேட்டார், "தேன் இருந்துச்சுல்ல?" என்று. மற்ற எதையும் கேட்கவில்லை. கேட்கப் பயமோ என்னவோ. "இருந்துச்சு" என்றேன்.

அது அவருக்காகச் சொன்ன பொய் என்று நினைத்துவிடாதே. உனக்கும் அதையேதான் சொல்கிறேன். அந்த நெடி கொஞ்சம் அடங்கட்டும் என்று கிளாஸை வைத்துவிட்டு, எல்லோரும் போன பிறகு மறுபடி முகர்ந்தேன். அடியில், ரொம்ப அடியில், தேன் இருந்தது. உன் கூடையில் நல்ல அழுகலும் நிறைய விழுந்திருக்கிறது. இந்த ஆணி மூக்கு சொல்வதை நம்பு, நம் வீட்டில் இப்போது இது ஒன்றுதான் பாக்கி.

முதலாளியம்மாவிடம் நீயே போய்ச் சொல், உன் மூக்குக்கே தெரிந்துவிட்டது என்று. அப்பாவின் பேர் அங்கே கெட வேண்டாம். அப்பாவிடம், தொட்டியில் இடமில்லை, தனியாக வைத்திருக்கிறார்கள் என்று சொல். நம்புவார். நம்பாவிட்டாலும் நம்பின மாதிரி இருப்பார். அதை இந்தக் கொஞ்ச நாளில் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டார்.

உன் பூஞ்சணமெல்லாம் நல்ல பூஞ்சணமாக அமையட்டும். பழத்தைக் கூடையில் போடும் முன் ஒவ்வொன்றாக மோந்து பார், சோம்பல் படாதே.

அடுத்த வருஷத்துப் பாட்டிலையும் அப்பா பேருக்கே அனுப்பு. அன்றைக்கு மட்டும் நான் அவருக்கு எதிரே நின்றுகொள்கிறேன்.

உன்,
அம்மா