ஒருமனதாக

வில்பர், நெப்ராஸ்கா
ஜூன் 22

அன்புள்ள திருமதி ரோடா நாலியாக்கா அவர்களுக்கு,

நாம் இன்னும் பார்த்துக்கொள்ளவில்லை. கட்சி அலுவலகம் உங்கள் பெயரையும் விலாசத்தையும் அனுப்பி, "கென்யாவிலிருந்து வரும் விருந்தினர், ஜனநாயகம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வருகிறார், மாநாடு முடியும்வரை உங்கள் பொறுப்பு" என்று எழுதியிருக்கிறது. என் பெயர் மார்லிஸ் ஹவெல்கா. விதைச்சோளக் கடையில் வேலை. அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டுக்கு நெப்ராஸ்காவிலிருந்து போகும் பிரதிநிதிகளில் ஒருத்தி. எனக்கும் இது முதல் மாநாடு. உங்களுக்கு ஜனநாயகத்தைக் காட்டப்போகிறவள் அதை டிவியில்தான் பார்த்திருக்கிறாள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சிகாகோ ஜூலையில் கொதிக்கும். ஆனால் அரங்கத்துக்குள் ஏ.சி. போட்டு நடுங்க வைப்பார்களாம், ஸ்வெட்டர் அவசியம். காலுக்குப் பழகிய செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். நான் இதை எழுதும்போது என் கணவர் லேலண்ட் எட்டிப் பார்த்து, "ஏம்மா, அவங்க ஆப்பிரிக்காலேர்ந்து வர்றாங்க, அவங்களுக்கு நீ வெயிலப் பத்தி கிளாஸ் எடுக்கிறியா?" என்கிறார். மன்னித்துவிடுங்கள்.

வேட்பாளர் போட்டியில் நான் எங்கள் மாநில ஆளுநரை ஆதரிக்கிறவள். அவருக்காகப் பிப்ரவரிப் பனியில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். ஒரு நாய் கடித்தது, இரண்டு பேர் காபி கொடுத்தார்கள். அவர் ஜெயிப்பது கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லோரையும் நான் கேட்கவில்லை.

உங்களுக்காக, நடுவில் பழக்கூழ் வைத்த கொலாச்சி ரொட்டி சுட்டு எடுத்து வருகிறேன். பிளம் பிடிக்குமா, ஏப்ரிகாட் பிடிக்குமா?

அன்புடன்,
மார்லிஸ் ஹவெல்கா


சிகாகோ
ஜூலை 16

மார்லிஸ்,

இதை உங்கள் விடுதி வரவேற்பில் கொடுத்துவிட்டுப் போகிறேன். விருந்தினர் பஸ் கிளம்பப்போகிறது. உங்களை முகம் பார்த்துப் பேச இப்போது என்னால் முடியாது.

மூன்று நாளும் உங்களோடு சிரித்த சிரிப்புக்கு நன்றி. மஞ்சள் சட்டை போட்ட மாநாட்டு ஊழியர்கள் ஓடி வந்து, "இந்த அட்டைய ஆட்டுங்க, போதும், இப்ப அந்த அட்டைய ஆட்டுங்க" என்று உங்களை ஆட்டிவைத்தபோது, "எங்க ஞாயித்துக்கிழமைப் பள்ளியில கூட நான் இவ்வளவு சொன்னபடி கேட்டதில்லை ரோடா" என்றீர்கள். அதை ஊரில் போய் எல்லோரிடமும் சொல்லப்போகிறேன்.

நேற்று மாலை நான் மேலே விருந்தினர் வரிசையில் இருந்தேன். ஒவ்வொரு மாநிலமும் எழுந்து, தன் சோளத்தையும் ஆற்றையும் கால்பந்து அணியையும் புகழ்ந்துவிட்டு, இவருக்கு இத்தனை ஓட்டு, அவருக்கு இத்தனை ஓட்டு என்று வாய்விட்டுச் சொன்னது. மேடையில் அதைத் திருப்பிச் சொன்னார்கள். உங்கள் ஆளுநர் தோற்றுக்கொண்டே வந்தார். எனக்கு வருத்தம்தான். ஆனால் தோற்கிறவரின் எண்ணிக்கையைச் சொல்ல யாருக்கும் குரல் நடுங்கவில்லை. இதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று நினைத்தேன்.

அப்புறம் உங்கள் மாநிலக் குழுத் தலைவர் வெர்லின் கிராட்ஸ் மைக்கை உங்கள் பக்கம் திருப்பினார். ஜெயித்தவரை மாநாடு ஒருமனதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள். மேடையில் இருந்தவர் "ஏற்கிறவங்க?" என்றார். அரங்கமே அதிர்ந்தது. "மறுக்கிறவங்க?" என்று கேட்டு முடிப்பதற்குள், தீர்மானம் நிறைவேறியது என்று மேசையில் சுத்தியலைத் தட்டிவிட்டார். நீங்கள் அழுதுகொண்டே ஜெயித்தவரின் அட்டையை ஆட்டினீர்கள். பக்கத்திலிருந்தவரின் பைனாகுலரில் பார்த்தேன்.

எங்கள் ஊரில் நான் இருபது வருஷம் பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறேன். அவ்வளவு காலமும் ஒற்றைக் கட்சி ஆட்சி, எல்லோரையும் ஒருமனதாகத்தான் தேர்ந்தெடுத்தோம். என் தங்கை வீட்டுக்காரர் ஒரு முறை கை தூக்க மறந்தார். மறதிதான், வேறொன்றுமில்லை. வேலை போயிற்று.

உங்களை மிரட்டியது யார்? எங்கள் பஸ்ஸில் வழிகாட்டியாக வரும் பையனிடம் கேட்டேன். "சும்மா ஒரு சம்பிரதாயம்ங்க" என்றான். எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

ரோடா


வில்பர்
ஜூலை 25

அன்புள்ள ரோடா,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு மனசு சுருக்கென்றது, பிறகு அதை வெர்லினிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த மனிதர் ஆறடிக்கு மேல். ஆனால் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டை நீட்டவே கூச்சப்படுவார். "நானா? உன்னையா? மிரட்டினேனா? எம் பொண்டாட்டி கிட்ட இதச் சொல்லு, விழுந்து விழுந்து சிரிப்பா" என்றார்.

மைக்கை நான்தான் கேட்டு வாங்கினேன் ரோடா. ஜெயித்தவரின் ஆட்கள் அதைச் சொன்னால் அது திமிர். தோற்றவர்கள் பக்கத்திலிருந்து வந்தால்தான் அதற்கு மதிப்பு. வாக்குவாதம் முடிந்தது, இனி நவம்பர் தேர்தல் வரை ஒரே வண்டியில் போகிறோம் என்று சொல்கிற வழி அது. எங்கள் அப்பா காலத்திலும் இப்படித்தான். அழுதேன், உண்மைதான். ஒரு வருஷ உழைப்பு, நாய்க்கடி வேறு. வலிக்கும்போது செய்வதுதானே மரியாதை? வலிக்காதபோது யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

மறுநாள் காலை விடுதியில் ஜெயித்த பக்கத்துக்காரர் ஒருவர் எனக்காக லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் மூன்று நாள் அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோபம் தணிந்திருந்தால் ஒரு வரி எழுதுங்கள். சொல்லாமல் போனீர்களே என்றுதான் எனக்கு வருத்தம். கொலாச்சி நாலு மிச்சம், லேலண்ட் சாப்பிட்டார்.

அன்புடன்,
மார்லிஸ்


புங்கோமா, கென்யா
அக்டோபர் 3

அன்புள்ள மார்லிஸ்,

நான் அவசரப்பட்டுவிட்டேன். வெர்லினிடமும் என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். நீங்கள் எழுதியதை இரண்டு மாதமாக மனதில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். இங்கே தோற்றவர் எழுந்து போய்த் தனிக் கட்சி தொடங்குவார். பழைய ஒற்றைக் கட்சி ஆட்சி போய் எல்லாம் திறந்துவிட்ட பிறகு, எங்கள் மாவட்டத்தில் மட்டும் கட்சி மூன்றாக உடைந்துவிட்டது. உடையாமல் இருக்கக் கற்றவர்கள் நீங்கள். அதைத்தான் நான் பார்க்கத் தவறினேன் போலிருக்கிறது.

ஒரு செய்தி. எங்கள் புதிய கட்சியின் மாவட்டத் தலைவர் பதவிக்கு நிற்கிறேன். எதிரே திரு. வெகுலோ. கரும்பு லாரிகள் வைத்திருக்கிறார், சந்தைக் கமிட்டியும் அவர் கையில். பெட்டியும் சீட்டும் இல்லாத ஊர், வரிசை முறையில்தான் வாக்களிப்போம். பள்ளி மைதானத்தில் வேட்பாளர்கள் தள்ளித் தள்ளி நிற்போம். யாருக்கு யாரைப் பிடிக்குமோ அவருக்குப் பின்னால் போய் நிற்பார்கள். அதிகாரி வந்து எண்ணுவார்.

எல்லோர் கண்ணெதிரிலும் போய் நிற்பதற்குத் தைரியம் வேண்டும். சந்தையில் தக்காளி விற்கும் சபீனா எனக்காக அலைகிறாள். "டீச்சர், ஒங்களுக்குப் பின்னால மொத ஆளா நான்தான் நிப்பேன். வெகுலோ மொறைச்சா நானும் மொறைப்பேன்" என்கிறாள். அவள் கடை போட்டிருக்கும் இடமே வெகுலோவின் கமிட்டி கொடுத்தது.

தோற்றால் நீங்கள் செய்ததை நானும் செய்யட்டுமா? உங்கள் பதில் வரும்வரை யாரிடமும் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
ரோடா


வில்பர்
அக்டோபர் 17

அன்புள்ள ரோடா,

தோற்கவே வேண்டாம், ஜெயியுங்கள். இந்த முறை கடிதம் போதாது, தந்தி அடியுங்கள். லேலண்ட், "நாம ரெண்டு பேரும் போயி அந்தம்மா பின்னால நின்னா செல்லுமா?" என்று கேட்கிறார்.

ஒருவேளை தோற்றால், கட்டாயம் செய்யுங்கள். ஒன்று மட்டும் மனதில் வையுங்கள்: யாராவது வந்து கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. தோற்றுவிட்டோம் என்று தெரிந்த உடனே, உங்கள் வாயால், முதல் ஆளாகச் சொல்லிவிடுங்கள். தாமதித்தால் உங்களிடமிருந்து பிடுங்கியது மாதிரி ஆகிவிடும். முதலில் சொன்னால் அது உங்கள் கையால் கொடுத்தது. வெகுலோவே உங்களுக்குக் கடன்பட்டவர் ஆகிவிடுவார். உங்களுக்காக நின்றவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இங்கே அறுவடை முடிந்துவிட்டது. நானும் வெர்லினும் ஜெயித்தவருக்காகத்தான் இப்போது கதவு தட்டுகிறோம். அதே நாய் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சபீனாவுக்கு என் அன்பு.

மார்லிஸ்


புங்கோமா
டிசம்பர் 9

திருமதி ஹவெல்கா அவர்களுக்கு,

தேர்தலுக்குப் பிறகு நீங்கள் அனுப்பிய இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுதாததற்கு மன்னியுங்கள்.

நவம்பர் முதல் சனிக்கிழமை தேர்தல் நடந்தது. வரிசைகள் சேர்ந்து முடிந்ததும் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சபீனா, அவளுக்குப் பின்னால் சந்தைப் பெண்கள், என் பழைய மாணவர்கள், வேலி வரைக்கும் ஆட்கள். வெகுலோவின் வரிசை வேலியில் முட்டி வளைந்திருந்தது. தோற்றுவிட்டேன் என்று கண்ணாலேயே தெரிந்தது. அதிகாரி இன்னும் எண்ண ஆரம்பிக்கவில்லை. உங்கள் சொல் நினைவுக்கு வந்தது. கையைத் தூக்கி, திரு. வெகுலோவை நாம் ஒருமனதாகத் தேர்ந்தெடுப்போம் என்று சொல்லிவிட்டு, மைதானத்தைக் கடந்து போய் அவருக்குக் கை கொடுத்தேன்.

கைதட்டல் பலமாக இருந்தது. அதிகாரி, "ஒருமனதாச்சே, அப்புறம் எதுக்கு எண்ணணும்?" என்று புத்தகத்தை மூடினார். வெகுலோ என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "டீச்சரே இங்க வந்துட்டாங்க. நீங்கல்லாம் யாருக்குப் பின்னால நிக்கிறீங்க?"

நான் நின்ற இடத்தில் யாரும் இல்லை. சிலர் ஓடி வந்து இந்த வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். சபீனாவும் இன்னும் கொஞ்சம் பேரும் அப்படியே நின்றார்கள். மைதானம் முழுக்க அவர்களைப் பார்த்தது.

உங்கள் மாநாட்டில் முதலில் எண்ணினார்கள், பிறகுதான் நீங்கள் கேட்டீர்கள். அதை நீங்கள் எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயமாகவே உங்களுக்குத் தோன்றியிருக்காது. நானும் மேலே உட்கார்ந்து மாநிலம் மாநிலமாக எண்ணியதை நேரில் கேட்டவள்தான். எனக்கும் தோன்றவில்லை. ஆகவே குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

சந்தைக் கமிட்டி சபீனாவின் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. காரணம் கேட்க நான் வெகுலோவிடம் போனேன். "உங்களுக்கு எதிரா யாராவது ஓட்டுப் போட்டாங்களா டீச்சர்? எனக்கு எதிரா யாராவது போட்டாங்களா? பதிவுல அப்படி ஒருத்தரும் இல்லையே" என்றார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார். இப்போது அவள் பஸ் நிறுத்தத்தில் சாக்கு விரித்து விற்கிறாள். போய்ப் பார்த்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. "டீச்சர், எங்கள ஒரு தடவ எண்ணிட்டாவது போயிருக்கலாம்" என்றாள்.

உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வரியை எழுத வரவில்லை. நீங்கள் நல்லவர். தயவுசெய்து இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். லேலண்டுக்கும் வெர்லினுக்கும் என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
ரோடா நாலியாக்கா
மாவட்டத் துணைத் தலைவர்
(ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்)