முஹ்ஸினுக்கு ஏற்றிய மருந்து

கம்பளை
12.8.1976

அன்பு மகன் அஸீமுக்கு,

வாப்பாவின் ஸலாம். குவைத் வெயிலில் உன் உடம்பை அல்லாஹ் காத்து வைப்பானாக. நானும் உம்மாவும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நீ கேட்டபடி, என் மூத்த மகன், உன் நானா மவுத்தாகி நம்மை விட்டுப் போன விவரத்தை எழுதுகிறேன். பின்வளவில் மாடு வளர்த்துப் பால் விற்கும் செல்லப்பாவின் பசு, காலையில் புல் தின்றது மதியத்துக்குள் விழுந்து செத்துவிட்டது. தோலையாவது விற்றால் அந்த மனுசனுக்கு உதவும் என்று உன் நானா முஹ்ஸின்தான் கத்தியோடு போனான், இருவருமாக உரித்தார்கள். பிறகு இருவர் கையிலும் கொப்புளம் வந்து நடுவில் கரிபோலக் கறுத்தது. செல்லப்பா பயந்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போனார், இவனையும் வந்து கூப்பிட்டார். நோகவே இல்ல வாப்பா, ஏதோ பூச்சி கடிச்சீக்கி என்று இவன் நம் கடையிலேயே இருந்துவிட்டான். கை தோள்வரை வீங்கி, காய்ச்சலில் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

அங்கே ராஜரத்தினம் என்ற டாக்டர் பார்த்தவுடனே இது அந்த்ராக்ஸ், மாட்டிலிருந்து வருவது என்றார். பெனிசிலினைச் சேலைனோடு நரம்பில் ஏற்றினார்கள், அது போதாதென்று வேறொரு ஊசியும் போட்டார்கள். காய்ச்சல் இறங்கியது. இரத்தத்தைச் சோதித்து, கிருமி இல்லை என்றார்கள், உன் மதினி பஸீஹா அன்றுதான் ஒரு வாய் சோறு தின்றாள். ஆனால் அவனுக்கு மூச்சு வாங்கியது, கை கால் குளிர்ந்துகொண்டே போனது. டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, மருந்து கிருமியைச் சாகடிச்சுப்போட்டுது ஐயா, அது முந்தியே கக்கின விஷத்தை எடுக்க எங்களிட்ட ஒண்டும் இல்லை, கொஞ்சம் வெள்ளன வந்திருந்தால் என்று பாதியில் நிறுத்திவிட்டார். அன்று அஸர் தொழுகை நேரத்துக்குள் முடிந்துவிட்டது மகனே.

அவர் மாட்டால் வந்தது என்று கேள்விப்பட்டு, செல்லப்பாவை இனி வளவுக்குள் விட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அவருக்கு மருந்து நேரத்தோடு கிடைத்ததால் புண் ஆறிவிட்டது. ஜனாஸாவை அடக்கிய அன்று வேலிக்கு வெளியே நின்று அழுதவரை நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். கடைசியாக நினைவு இருந்தபோது, ஊசியோடு வந்த நர்ஸிடம் உன் நானா கேட்டது, செல்லப்பாண்ணனுக்கும் போட்டாச்சா என்றுதான். நீ எப்படிக் கோபப்படுவாய், நான் எப்படிக் கோபப்படுவேன்.

மதினி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இத்தாவில் இருக்கிறாள், அவளுக்குத் தனியாக நாலு வரி எழுது. லீவு கிடைக்காவிட்டால் மனம் உடைந்துபோகாதே, ஐந்து வேளையும் அவனுக்காகத் துஆ கேள். சின்னப் புண் என்றாலும் டாக்டரிடம் காட்டு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். ஒரு மகனை என் கையால் மண்ணில் வைத்துவிட்டேன், என்னை வைக்க நீ இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வாப்பா
மஹ்மூத்